கிடாரின் கழுத்தும் அப்பாவின் விரலும்

தோசைக்கும் காப்பிக்கும் நடுவே, குடையை எங்கே வைத்தேன் என்று கேட்கிற அதே குரலில், அப்பா அதைச் சொன்னார்.

"அந்தக் கிடாரை உன் ஃப்ரெண்டுக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன். அவ சர்ச்சுல பசங்க யாராவது வாசிக்கட்டும். இங்க சும்மா கெடந்து பூஞ்சை புடிக்கறது."

அம்மா கல்லிலிருந்து திரும்பக்கூட இல்லை. நான்தான் வாயில் தோசையோடு கத்தினேன்.

"லூசாப்பா நீ?"

"டீ, அப்பாடீ அது" என்றாள் அம்மா, முதுகைக் காட்டியபடியே.

அப்பாவைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். அவர் கொச்சி கார்ப்பரேஷன் ஆபீஸில் கிளார்க். பிறப்பு, இறப்பு சர்டிபிகேட் செக்‌ஷன். ஒரே மேஜையில் ஒருத்தருக்கு வாழ்த்தும் அடுத்தவருக்கு ஆறுதலும் சொல்ல வேண்டிய வேலை. அதனால் அவர் முகம் எப்போதும் நடுவில் எங்கோ நின்றுகொண்டிருக்கும். அந்த முகம் முழுதாகச் சிரித்து நான் பார்த்தது கிடார் கையில் இருக்கும்போது மட்டும்தான். ஆபீஸில் யார் ரிட்டயர் ஆனாலும் பிரிவு உபசாரத்தில் அப்பாவும் இன்னும் சில சேட்டன்மாரும் சேர்ந்து பழைய சினிமாப் பாட்டு வாசிப்பார்கள். ரிட்டயர் ஆகிறவர் அழுதே தீர வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. அழாதவருக்கு இன்னொரு பாட்டு.

போன மழைக்காலத்தில் போட் ஜெட்டிக்குப் போகிற வழியில் ஸ்கூட்டர் வழுக்கி அப்பா விழுந்தார். இடது கையில் மோதிர விரல் ஒடிந்தது. கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள், ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். டிவி பார்க்கும்போதெல்லாம் அமுக்கினார். எல்லாம் சரியானது, அந்த விரலின் நுனிக்கணு மட்டும் முழுசாக மடங்க மறுத்தது. ஒரு சாயங்காலம் கிடாரை எடுத்தார். ஒரு கார்ட், அதாவது பல கம்பிகளைச் சேர்த்து அமுக்குகிற பிடி, பிடித்தார். தகரத்தில் ஆணி உரசுகிற மாதிரி ஒரு சத்தம். பெட்டியில் வைத்து மூடினார். அவ்வளவுதான். "விரல் போச்சு" என்றார். அதற்கப்புறம் நடந்த பிரிவு உபசாரத்தில் சேட்டன்மார் யாரோ ஒருவருடைய போனில் கரோக்கி போட்டுப் பாடினார்களாம். யாரும் அழவில்லையாம்.

எனக்கு அந்த "விரல் போச்சு" மேல் சந்தேகம். ஏனென்றால் எனக்கு அந்தக் கிடாரைத் தெரியும்.

நான் பேப்பரில் மெக்கானிக்கல் இன்ஜினீயர், சம்பளத்துக்கு வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் டெஸ்டிங், சனி ஞாயிறுகளில் கிடார் ரிப்பேர். களமசேரியில் படித்தபோது காலேஜ் பேண்டில் எனக்குப் பாட வராது, வாசிக்கவும் சுமார்தான், ஆனால் உடைந்ததை ஒட்டத் தெரியும் என்று கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து ஆரம்பித்தது. யூடியூபில் தாடி வைத்த அண்ணன்கள் சொல்வதைக் கேட்டு, பாதியைக் கெடுத்து, மீதியைச் சரிசெய்து கற்றுக்கொண்டேன். இப்போது மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் கிடார் வைத்திருக்கிற பாதிப் பேருக்கு என் நம்பர் தெரியும். என் வீட்டுக் கிடாரை மட்டும் நான் தொட்டதில்லை. அப்பா தொட விட்டதில்லை.

அது கல்கத்தாவில் செய்தது. அப்பா கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. கிடாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை ராத்திரி பகலாக முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். எங்கள் ஊர் எப்படிப்பட்டது என்றால் அப்பளத்தை டப்பாவிலிருந்து எடுத்து வாயில் வைப்பதற்குள் நமுத்துவிடும். அந்த ஈரத்தில், அந்த இழுப்பில், வருஷக்கணக்கில் நின்றால் எந்தக் கழுத்தும் சாயும். கழுத்து முன்னால் சாய்ந்தால் கம்பி பலகையை விட்டு மேலே எழும்பும். அப்பாவின் கிடாரில் கழுத்து முடிகிற இடத்தில் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பென்சிலைச் செருகலாம். அது கிடார் இல்லை, ஜிம். இத்தனை வருஷம் அப்பா அதை வாசித்தது முரட்டுப் பலத்தில்.

"விரல் இல்லப்பா, கழுத்து" என்றேன். "ஒடியறதுக்கு முன்னாடியே அது அமுக்க முடியாத கிடார். கழுத்தைக் கழட்டி நேராக்கித் திருப்பி மாட்டறேன். அப்பறம் வாசிச்சுப் பாரு. முடியலைன்னா சர்ச்சுக்குக் குடு."

"கழுத்தைக் கழட்டறதா? அதெல்லாம் வேண்டாம். இருக்கறபடி குடுத்துடலாம்."

"இருக்கறபடி குடுத்தா அந்தப் பசங்களுக்கும் விரல் போகும்."

அம்மா தோசையைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "அவ பண்ணட்டுமே. கெட்டா என்ன, எப்படியும் தானம் பண்ணப் போறேள்."

அப்பா காப்பி டம்ளரோடு எழுந்து போனார். அதை நான் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அந்த ஃப்ரெண்ட், என் கூட்டுக்காரி, வந்தாள். ரெண்டு தெரு தள்ளி வீடு, சர்ச் கொயரில் பாடுகிறவள், களமசேரியில் என்னோடு ஒரே பெஞ்சில் தூங்கியவள். எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் வளர்ந்த தமிழ் பேசுவாள், மலையாளத் தாளத்தில். வந்ததும் நேராக அப்பாவிடம் போனாள்.

"அங்கிள், எனக்கு வேண்டாம் கேட்டோ. எங்க சர்ச்சுல ஒண்ணு இருக்கு. நான் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்."

"சும்மா கேட்டாலும் கேட்டதுதானே மோளே" என்றார் அப்பா. மோளே என்று அழைத்தால் அவர் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம்.

அவள் என்னிடம் வந்து கிசுகிசுத்தாள். "எடீ, நீ இதை நேராக்கலைன்னா ஒரு மனுஷனோட கிடார் என் தலையில வரும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் பாவம் பண்ணின மாதிரி பாடணும். மரியாதைக்கு ரிப்பேர் பண்ணு."

ஆக, மேஜையில் கிடாரைப் படுக்க வைத்தோம். முதலில் ஒரு நீளமான ஸ்டீல் ஸ்கேலை ஃப்ரெட்டுகளின் மேல் வைத்தேன். ஃப்ரெட் என்றால் கழுத்தின் குறுக்கே பதித்திருக்கிற கம்பித் துண்டுகள். ஸ்கேலின் மறுமுனை, கம்பிகள் கட்டியிருக்கிற பிரிட்ஜ் என்ற மரக்கட்டையின் தலையில் போய் லேசாக உட்கார வேண்டும். இதில் அது பிரிட்ஜின் வயிற்றில் போய் முட்டியது. இதுதான் சாய்வு. வாதம் முடிந்தது.

"பாருப்பா!" என்று கூப்பிட்டேன். "வந்து பாரு, எவ்வளவு சாஞ்சிருக்குன்னு."

அப்பா கொத்தமல்லி வாங்கக் கிளம்பிவிட்டார். ஃப்ரிட்ஜில் கொத்தமல்லி இருந்தது.

கழுத்தைக் கழற்றுவது என்பது, சொன்னால் சின்ன வேலை. கழுத்தின் அடியில் புறாவின் வால் மாதிரி விரிந்த ஒரு நாக்கு இருக்கும். அது உடம்பில் வெட்டிய பள்ளத்தில் இறங்கி, பசையில் ஒட்டியிருக்கும். பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். எனவே உள்ளே நீராவி அனுப்ப வேண்டும். தாடி அண்ணன்களிடம் இதற்கென்று தனி மெஷின் இருக்கிறது. என்னிடம் அம்மாவின் குக்கர் இருந்தது.

"எந்தக் குக்கர்?" என்றாள் அம்மா.

"சின்னது."

"அது பருப்புக் குக்கர்."

"ஆவிதானேம்மா. பருப்பா இருந்தா என்ன, கிடாரா இருந்தா என்ன?"

"எனக்கு வித்தியாசம் தெரியும்டீ" என்றாள். ஆனாலும் கொடுத்தாள். கொடுத்த கையோடு பழைய தோசைத் திருப்பியையும் கேட்டு வாங்கிவிட்டேன். அதை அரம் போட்டுத் தேய்த்து பிளேடு மாதிரி மெல்லிசாக்கினேன். கழுத்துப் பலகையின் ஒரு பகுதி உடம்பின் மேலே ஒட்டிக்கொண்டு நீண்டிருக்கும். அதன் மேல் துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி, திருப்பியை அடியில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் பிரிந்து வரும். தோசைத் திருப்பியைப் போல அதற்குத் தோதான ஆயுதம் உலகத்தில் கிடையாது. தாடி அண்ணன்கள் தோசை சாப்பிடாதது அவர்கள் நஷ்டம்.

அடுத்த சனிக்கிழமை காலை பெரிய வேலை. ஒரு ஃப்ரெட்டைப் பிடுங்கி, அந்தக் காடியின் வழியாக ஒரு மெல்லிய துளை போட்டேன், நாக்கு உட்கார்ந்திருக்கிற பள்ளம் வரைக்கும். குக்கரின் வெயிட்டைக் கழற்றி, அந்தக் குழாயில் ரப்பர் ட்யூப் மாட்டி, ட்யூபின் மறுமுனையில் ஃபுட்பாலுக்குக் காற்றடிக்கிற ஊசி. ஊசியைத் துளையில் இறக்கினோம். கூட்டுக்காரி அடுப்புப் பக்கம் காவல். நான் கழுத்தைப் பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்பா கூடத்தில் பேப்பருக்குப் பின்னால்.

ஆவி போனது. போய்க்கொண்டே இருந்தது. பழைய பசை இளகும்போது ஒரு நாற்றம் வரும், மாட்டுத்தொழுவத்தில் வெந்நீர் ஊற்றிய மாதிரி. அந்தப் பசையை எதிலிருந்து காய்ச்சுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். முட்டைகூட உள்ளே வராத எங்கள் வீட்டில் அதை உரக்கச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை.

"என்னடீ இது நாத்தம்?" என்றாள் அம்மா.

"பழைய மரம், ஆன்ட்டி" என்றாள் கூட்டுக்காரி, தேவதை முகத்தோடு.

நேரம் போனது. ஒருமுறை குக்கரில் தண்ணீர் தீர்ந்து மறுபடி நிரப்பினோம். துளைக்குப் பக்கத்தில் வார்னிஷ் வெளுத்து, கண்ணில் புரை விழுந்த மாதிரி ஒரு வெள்ளை மேகம் படர்ந்தது. எனக்கு வியர்த்தது. பசை இளகியது தெரிகிறது, பழுப்பாக ஒழுகுகிறது, கழுத்தின் மேல்பக்கம் அசைகிறது. ஆனால் அடிப்பக்கம், குதிகால் மாதிரித் திரண்டிருக்கிற இடம், ஒரு இழைகூட நகரவில்லை. இதற்கு மேல் ஆவி விட்டால் உடம்பின் பலகையே அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். நிறுத்தினால் பசை மறுபடி இறுகும்.

"நீ உடம்பைப் புடி, நான் இழுக்கறேன்" என்றாள் அவள்.

"மெதுவா."

"மெதுவாத்தான்டீ. ஒண்ணு, ரெண்டு..."

"இழுக்காதீங்கோ. ஒடிஞ்சுடும்."

அப்பா. பேப்பர் இன்னும் முகத்துக்கு முன்னால்தான் இருந்தது.

"அதுல ஒரு ஸ்க்ரூ இருக்கு" என்றது பேப்பர்.

குக்கர் மட்டும் உஸ்ஸென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கூட்டுக்காரி போய் அடுப்பை அணைத்தாள்.

"என்ன ஸ்க்ரூ?"

"குதிகால்ல. கறுப்பா ஒரு புள்ளி இருக்கும் பாரு."

இருந்தது. மரத்தின் கணு என்று நினைத்திருந்தேன். நகத்தால் சுரண்டினேன். கறுப்பு ஷூ பாலிஷ் வந்தது. அதன் கீழே சிவப்பு. இன்னும் சுரண்டினேன்.

"இது என்னது, மெழுகா?"

"அரக்கு" என்றார் அப்பா. "ஆபீஸ் அரக்கு. கவர்ல சீல் வைக்கறது. நீ பொறக்கறதுக்கு முன்னாடி. ஒரு பிரிவு உபசாரம் அன்னிக்கு மத்தியானம் கழுத்து வாயைப் பொளந்துடுத்து. சாயங்காலம் புரோக்ராம். ஆபீஸ்ல ஒரு கதவுக் கீலுலேந்து ஸ்க்ரூவைக் கழட்டி உள்ள ஏத்தினேன். ஓட்டை தெரியாம இருக்க அரக்கை உருக்கி ஊத்தினேன். அவ்வளவுதான். இன்னிக்கு வரைக்கும் நின்னுது."

இறப்பு சர்டிபிகேட் போகிற கவருக்கு வைக்கிற சீல். கிடாரின் கழுத்தில். நான் கழுத்தை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினேன்.

"கார்த்தாலேந்து அங்கேயே உக்காந்திண்டிருக்கே. நாங்க ஆவி விட்டுண்டிருக்கோம். இப்போ சொல்றே?"

பேப்பர் இறங்கியது. அப்பா தன் இடது கையைத் தொடையில் வைத்து, அது யாருடைய கையோ என்பது மாதிரிப் பார்த்தார்.

"வராதுன்னு நீயே விட்டுடுவேன்னு நெனச்சேன்."

"ஏன்ப்பா?"

"வாயால விரல் போச்சுன்னு சொல்லிண்டிருக்கேன். உள்ளுக்குள்ள, இல்லை, கழுத்துதான்னு வெச்சிண்டிருக்கேன். நீ கழுத்தை நேராக்கி, அப்பவும் வரலைன்னா, அப்பறம் நான் எதைச் சொல்றது?"

கூட்டுக்காரி தரையைப் பார்த்தாள். அம்மாதான் காப்பாற்றினாள். சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்று, "நன்னாருக்கு" என்றாள். "இதுக்காகவா என் பருப்புக் குக்கரு? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. ஊறுகாய் பாட்டில் மூடியைத் தெறக்க அந்தக் கை போறும். வேலைக்குப் போற கை, ஸ்கூட்டர் ஓட்டற கை. கிடாருக்கு மட்டும் போறாதோ? டீ, கழட்டுடீ நீ."

ஸ்க்ரூ உப்புக்காற்றில் துருப்பிடித்து மரத்தோடு மரமாகியிருந்தது. சால்டரிங் அயர்னின் நுனியை அதன் தலையில் வைத்துச் சூடாக்கினேன். இரும்பு சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்கும், அந்தச் சின்ன இடைவெளி போதும். ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியது. இரண்டாவது தடவை அப்பா எழுந்து வந்து, என் கையிலிருந்து அதை வாங்கி, வலது கையால் அழுத்தித் திருப்பினார். கிரீச்சென்று ஒரு சத்தம். அவர் போட்டதை அவரே எடுத்தார். மறுபடி கொஞ்சம் ஆவி. இந்த முறை கழுத்து, வெண்ணெயில் செருகிய கத்தி மாதிரி, வழுக்கிக்கொண்டு மேலே வந்தது.

கூட்டுக்காரி அதைக் கையில் தூக்கிப் பிடித்து, "பெண்குழந்தை" என்றாள்.

"சர்டிபிகேட் வேணும்னா திங்கக்கிழமை வா" என்றார் அப்பா. ஸ்கூட்டர் விழுந்ததற்கு அப்புறம் அவர் அடித்த முதல் ஜோக்.

அதற்கப்புறம் வேலை பொறுமையின் வேலை. கழுத்து உடம்பைத் தொடுகிற விளிம்பில், குதிகால் பக்கம் கொஞ்சம் மரத்தைக் குறைக்க வேண்டும், கழுத்து பின்னால் சாய. இரண்டுக்கும் நடுவே உப்புத்தாள் பட்டையை வைத்து இழுப்பது. இழுத்துப் பார்ப்பது, ஸ்கேல் வைப்பது, இழுப்பது. அதிகமாக இழுத்தால் திரும்ப ஒட்ட முடியாது. நாக்கு இப்போது பள்ளத்தில் தளர்ந்து ஆடியது. இடைவெளியை அடைக்க மட்டாஞ்சேரி ஜூ டவுனில் பழைய சாமான் கடைக்குப் பின்னால் நாற்காலி செதுக்குகிற இடத்தில் ஈட்டி மரச் சீவல் கேட்டு வாங்கி வந்தேன். அங்கே புது நாற்காலிகளைப் பழசாக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பழசைப் புதுசாக்குகிறேன் என்றேன். அவர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

சீவலை நாக்கின் இரண்டு பக்கமும் ஒட்டி, பசை தடவி, கழுத்தை இறக்கி, கிழிந்த சைக்கிள் ட்யூபால் இறுக்கிச் சுற்றினோம். விபத்தில் அடிபட்ட ஆளைப் போல அது மேஜையில் கிடந்தது. ஆபீஸ் போகும்போதும் வரும்போதும் அப்பா அதைக் கடந்து போவார். ஒன்றும் கேட்க மாட்டார். ஆனால் ஒருநாள் மேஜைக்குப் பக்கத்து ஜன்னல் மூடியிருந்தது, வெளியே தூறல். நான் மூடவில்லை, அம்மாவும் மூடவில்லை.

மிச்சம் இருந்தது சேடில். பிரிட்ஜின் நடுவே கம்பிகள் ஏறி உட்கார்கிற மெல்லிய வெள்ளைத் துண்டு. பழையது பிளாஸ்டிக், அப்பா கம்பியைத் தாழ்த்த அதைத் தேய்த்துத் தேய்த்து ஒன்றுமில்லாமல் பண்ணியிருந்தார். இப்போது கழுத்து நேரானதும் உயரமான புதுசு வேண்டும். நல்ல சத்தம் வேண்டுமென்றால் எலும்பு. எங்கள் ஊரில் எலும்புக்குப் பஞ்சமா? கூட்டுக்காரியின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் போத்து, அதாவது எருமைக் கறி. அவள் ஒரு கால் எலும்பை எடுத்துவைத்து, அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் சோடா உப்பு போட்டுக் கொழுப்புப் போகக் காய்ச்சினோம். வாள், அரம், உப்புத்தாள் எல்லாம் அங்கேதான். தந்தம் மாதிரி ஒரு துண்டு வந்தது. நெருங்கி முகர்ந்தால் பல் டாக்டர் கிளினிக் வாசனை.

அதைக் கொண்டுவந்து பிரிட்ஜில் பொருத்தும்போது அம்மா எட்டிப் பார்த்தாள்.

"அழகா இருக்கே. எதுல பண்ணினது?"

பொய் சொல்ல ஒரு நொடி யோசித்தேன். "எலும்பும்மா."

"எதோட எலும்பு?"

"எருமை."

அம்மா கிடாரிலிருந்து ஓரடி பின்னால் போனாள். அப்பா அவசரமாக, "பாலும் அதுகிட்டேந்துதானேடீ வரது" என்றார்.

"பாலைக் கறந்தப்பறம் அது எழுந்து நடந்து போறது. இது போச்சா?"

கூட்டுக்காரி தன் கால் நகங்களை ஆராய்ந்துகொண்டிருந்தாள், எலும்பைக் காய்ச்சியது அவள் வீட்டுப் பாத்திரத்தில். அம்மா அப்பாவைப் பார்த்தாள். எலும்பைப் பார்த்தாள். கடைசியில், "சமையல்கட்டுப் பக்கம் வரப்படாது. சாமி ரூம் பக்கம் சுத்தமா கெடையாது. கூடத்துல வாசிச்சுக்கோங்கோ" என்று எல்லைக்கோடு போட்டுவிட்டு, பெரிய விட்டுக்கொடுப்பைச் செய்தவளின் நிமிர்ந்த முதுகோடு உள்ளே போனாள். போன வேகத்திலேயே திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வாசிக்கப்போவதைக் கேட்க.

புதுக் கம்பி மாட்டினேன். ஸ்கேல் வைத்தேன். பிரிட்ஜின் தலையில், பூனை மதிலில் உட்கார்கிற மாதிரி, போய் உட்கார்ந்தது. பென்சில் போன இடத்தில் இப்போது இரண்டு விசிட்டிங் கார்டை அடுக்கிச் செருகினால் சிக்கும். ஸ்ருதி சேர்த்து அப்பாவிடம் நீட்டினேன்.

அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். துடைக்க ஒன்றும் இல்லை. மடியில் வைத்தார். முதல் கார்ட் இரண்டே விரலில் பிடிக்கிறது, அது மணியாக வந்தது. கூட்டுக்காரி என் கையைக் கிள்ளினாள். இரண்டாவது கார்டுக்கு மோதிர விரல் வேண்டும்.

விரல் போனது. கம்பியைத் தொட்டது. ஆனால் நுனி மடங்காததால் தட்டையாகப் படுத்து, பக்கத்துக் கம்பியையும் சேர்த்து அமுக்கியது. ஐந்து கம்பி பாடியது, ஒன்று ஊமை. மறுபடி வைத்தார். ஊமை. மணிக்கட்டைத் திருப்பி வைத்தார். ஊமை.

கழுத்தும்தான். விரலும்தான். நான் பாதிதான் சரியாகச் சொல்லியிருந்தேன். விரலை நான் எந்த உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன்?

அப்பா மோதிர விரலை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் சுண்டு விரலை வைத்தார். வாழ்நாளில் ஒருமுறைகூட அவர் அந்த விரலை அங்கே வைத்ததில்லை. கழுத்து சாய்ந்திருந்த கிடாரில் வைத்திருக்கவும் முடியாது, அந்தக் கம்பியை அமுக்கச் சுண்டு விரலுக்கு ஜென்மத்தில் பலம் போதாது. இதில் போதும். மெல்ல வருடினார்.

ஆறும் பாடின.

"ம்" என்றார். மறுபடி முதல் கார்ட். மறுபடி இரண்டாவது. சுண்டு விரல் தேடித் தேடி, தப்பான கம்பியில் விழுந்து, எழுந்து, சரியான கம்பிக்குப் போனது. நடக்கப் பழகுகிற குழந்தை கூடத்தைக் கடக்கிற மாதிரி ஒரு பழைய பாட்டின் முதல் வரி வந்தது. அம்மா வாயசைத்தாள். எனக்குக் கண் கலங்கியது, அது வார்னிஷ் வாசனையால் என்று யாரிடமும் சொல்லத் தேவைப்படவில்லை, யாரும் என்னைப் பார்க்கவில்லை.

திடீரென்று அப்பா நிறுத்தினார். தடிக் கம்பியைத் தட்டினார். காதைக் கிட்டே கொண்டுபோய் மறுபடி தட்டினார். நெற்றி சுருங்கியது.

"இதை யாரு இவ்வளவு தாழ்த்தினது?"

"நான்தான்!"

"கரகரங்கறதே. தடிக் கம்பி ஃப்ரெட்டுல போய் அடிக்கறது. கேக்கலை உனக்கு?"

"நீ ஓங்கி அடிக்கறேப்பா. மெதுவா வாசி."

"மெதுவா வாசிக்கறதுக்கு நான் என்ன தாலாட்டா வாசிக்கறேன்? இந்த மாசக் கடைசியில நம்ம ஹெல்த் செக்‌ஷன் சேட்டன் ரிட்டயர் ஆறார். கல்லு மாதிரி மனுஷன். அவரை அழ வைக்கணும்னா ஓங்கித்தான் அடிக்கணும். அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் ஏத்து. ரொம்ப ஏத்திடாதே, சுண்டு விரல் எட்டணும்."

இத்தனை நாள் நேர்மையாகப் பாடுபட்ட ஒரு மனுஷியிடம் பேசுகிற பேச்சா இது? நான் கோபமாகக் கூட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் தலையணையில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

"அங்கிள், அப்போ சர்ச்சுக்கு?"

"சர்ச்சுல இருக்கறதைக் கொண்டுவாயேன். இவ நேராக்கித் தருவா" என்றார் அப்பா, என்னைக் கேட்காமலே.

சேடிலைக் கழற்ற வேண்டாம், தடிக் கம்பியின் பக்கம் அடியில் ஒரு மெல்லிய சீவல் வைத்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். கம்பிகளைத் தளர்த்தி, மேஜை விளக்கை இழுத்து, எலும்பை வெளியே எடுத்தேன். அப்பா பின்னால் வந்து நின்றார். என் தோளுக்கு மேலே அவர் மூச்சு. ஒரு கை வேட்டியில், அதில் சுண்டு விரல் மட்டும் காற்றில் இறங்கி ஏறி, இல்லாத கம்பியைத் தேடிக்கொண்டிருந்தது.

"ஆச்சா?"

"இருப்பா, இப்பத்தான் எடுத்திருக்கேன்."

"சீக்கிரம்" என்றார். "மறந்துடப் போறேன்."

"எதை?"

"விரலுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சிருக்கு."

நான் சீவலை இன்னும் கொஞ்சம் தேய்த்தேன்.

"ஆச்சா?" என்றார்.